கம்பியில் உட்கார்ந்திருப்பது யார்?

என் வீட்டிலிருந்து பள்ளிக்கு 6 கிலோமீட்டர். மதுராந்தகம் பகுதியில் ஏரிகளுக்குக் குறைவில்லை. என் வழியிலும் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தூரம் ஏரிக்கரை மேலேயே செல்கிறது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் நெல்வயல், கரையோரம் பனைமரங்கள், கூடவே வரும் மின்கம்பி. நான்கு ஆண்டுகளாக இந்த வழியில் மிதிவண்டியில் போய் வருகிறேன். ஆறு, ஏழாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கும் எனக்குப் பாடநூலுக்கு அடுத்தபடியாக அதிகம் உதவியது இந்தச் சாலைதான்.

காட்டு விலங்குகள் பத்தின் பெயர்களை எழுதச் சொன்னால் எங்கள் பிள்ளைகள் சிங்கம், புலி, ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, பாண்டா என்று மளமளவென எழுதிவிடுவார்கள். இன்று காலை பள்ளிக்கு வரும்போது பார்த்த உயிரினங்களை எழுதுங்கள் என்றால் காக்கை, நாய், ஆடு, மாடு என்று நான்கோடு பேனா நின்றுவிடும். அவர்கள் பார்க்காமல் வருவதில்லை. பார்த்ததற்குப் பெயர் தெரியாததால் அது கணக்கில் சேர்வதில்லை. "கறுப்பா ஒரு குருவி டீச்சர், வாலு ரெண்டா பிரிஞ்சிருக்கும்" என்றாள் ஒரு மாணவி. அவள் பாட்டிக்கு அது கரிச்சான் என்று தெரியும். அம்மாவுக்கு அரைகுறையாகத் தெரியும். பேத்தியிடம் வரும்போது வெறும் "ஒரு குருவி" ஆகிவிட்டது.

இந்த இழப்பைச் சரிசெய்யச் சுற்றுலாப் பேருந்து தேவையில்லை. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் நடந்தோ மிதிவண்டியிலோதான் பள்ளிக்கு வருகிறார்கள். ஆசிரியர்களில் பலரும் காலையிலோ மாலையிலோ நடக்கிறோம், சிலர் ஓடுகிறோம். எப்படியும் போகிற வழி. அதில் எதை, எப்படிக் கவனிப்பது என்பதைத்தான் எழுத நினைக்கிறேன்.

கரிச்சானிலிருந்து தொடங்கலாம்

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது கரிச்சான். இரட்டைவால் குருவி என்றும் சொல்வார்கள். சமவெளி ஊர்களில் மின்கம்பிகளில் இதைப் பார்ப்பது மிக எளிது. விடிவதற்கு முன்பே குரல் கொடுக்கத் தொடங்கி, இருட்டும்வரை பூச்சி பிடிக்கும். கம்பியிலிருந்து சட்டென இறங்கி ஒரு பூச்சியைக் கவ்விக்கொண்டு, பெரும்பாலும் பழைய இடத்துக்கே திரும்பும். மேயும் மாட்டின் முதுகில் உட்கார்ந்து சவாரி செய்வதும் உண்டு; மாடு நடக்க நடக்கப் புல்லிலிருந்து கிளம்பும் பூச்சிகள் அதற்கு விருந்து. உழவு நடக்கும் வயலில் டிராக்டருக்குப் பின்னால் உண்ணிக்கொக்குகள் வரிசைகட்டி நடப்பதும் இதே காரணத்தால்தான். கூடு வைத்திருக்கும் காலத்தில் கரிச்சான் காக்கையையும் பருந்தையும்கூடத் துரத்தும். இதை ஒரு முறை பார்த்துவிட்ட ஏழாம் வகுப்பை மீண்டும் வகுப்பறைக்குள் அழைத்து வருவது சிரமம். அது கூடு வைத்த மரத்திலேயே புறாக்களும் கொண்டைக்குருவிகளும் கூடு வைப்பதுண்டு. காவல் இலவசமாகக் கிடைக்கிறதே!

ஒரே ஒரு பறவையை ஒரு மாதம் தொடர்ந்து பார்த்தாலே உணவு, வாழிடம், போட்டி, பெற்றோர் பராமரிப்பு என அலகு முழுவதற்கும் எடுத்துக்காட்டுகள் கிடைத்துவிடும். நூறு பெயர்களை மனப்பாடம் செய்ய வைப்பதைவிட இது மேல் என்பது என் கருத்து.

கம்பியில் அடுத்தவர் வெண்மார்பு மீன்கொத்தி. வறண்ட கோடையில், ஏரியில் சொட்டுத் தண்ணீர் இல்லாதபோது ஒரு மாணவன் கேட்டான்: "தண்ணியே இல்ல, இது எதுக்கு டீச்சர் இங்க உக்காந்திருக்கு?" மிக நல்ல கேள்வி. பதிலை நான் சொல்லவில்லை. ஒரு வாரம் அது எதைப் பிடிக்கிறது என்று பார்த்து வரச் சொன்னேன். வெட்டுக்கிளி, ஓணான் குட்டி, ஏதோ ஒரு பூச்சி என்று குறித்து வந்தான். பெயரில் மீன் இருந்தாலும் வெண்மார்பு மீன்கொத்தி நீரைவிட்டு விலகிய இடங்களிலும் நன்றாகவே பிழைக்கும். பெயரை நம்பாமல் கண்ணை நம்பும் பழக்கம் அந்த ஒரு வாரத்தில் அவனுக்கு வந்தது.

செப்டம்பர், அக்டோபரில் கம்பிக்குப் புதிய விருந்தாளிகள் வருவார்கள். தகைவிலான்கள் வரிசையாக அமரும். அதே நாட்களில் பழுப்புக் கீச்சான் ஏதாவது ஒரு முள்மரத்தைப் பிடித்துக்கொண்டு, கரகரவென்று கத்தித் தன் எல்லையை அறிவிக்கும். வடக்கே ஆசியாவின் குளிர் நாடுகளிலிருந்து வரும் இவை மார்ச், ஏப்ரலில் திரும்பிப் போகும். "வலசை" என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன்பு, முதல் தகைவிலானை யார் பார்ப்பது என்று ஒரு போட்டி வைத்துப் பாருங்கள். அதன் பிறகு உலக வரைபடத்தை விரித்தால் பிள்ளைகளே முன்னால் வந்து நிற்பார்கள்.

எந்த வேகத்தில் எது தெரியும்

மிதிவண்டி கம்பிகளுக்கு ஏற்றது. சீராகப் போய்க்கொண்டிருக்கும் வண்டியைப் பறவைகள் அதிகம் பொருட்படுத்துவதில்லை. நாம் நின்று முகத்தைத் தூக்கிப் பார்த்தால்தான் பறக்கின்றன. ஆகவே பறவையின் நேர் கீழே நிற்காமல், கடந்து போய் இருபது அடி தள்ளி நின்று திரும்பிப் பார்ப்பது நல்லது. கம்பங்கள் ஒரு வசதி: பத்துக் கம்பங்களுக்கு இடையில் எத்தனை கரிச்சான் என்று தினமும் எண்ணினால் ஒப்பிடத்தக்க கணக்கு கிடைக்கும்.

நடை, பூச்சிகளுக்கும் செடிகளுக்கும். சாலையோர எருக்கஞ்செடியை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இலையின் அடியில் பாருங்கள். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளோடு, உடலில் மூன்று இணைக் கறுப்பு இழைகளோடு ஒரு புழு இருந்தால் அது வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு. எருக்கின் நச்சை உண்டே வளர்ந்து, அந்த நச்சைத் தன் உடலில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதைத் தவிர்க்கின்றன. ஆரஞ்சு நிறத்தில் அந்த வண்ணத்துப்பூச்சி அவசரமே இல்லாமல் மெதுவாகப் பறப்பதற்கு அந்தத் துணிச்சலும் ஒரு காரணம். வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சிக்குப் படம் வரையச் சொல்வதற்கு முன், பள்ளி வாசலில் இருக்கும் எருக்கைக் காட்டிவிடலாம்.

எங்கள் உடற்கல்வி ஆசிரியர் காலையில் ஓடுபவர். ஓடும்போது கண் தரையில் இருக்கும், காது திறந்திருக்கும் என்பார் (காதில் பாட்டு மாட்டிக்கொண்டு ஓடுபவர்களுக்கு இது பொருந்தாது). செம்போத்தின் ஆழ்ந்த குரலும், தவிட்டுக்குருவிக் கூட்டத்தின் சலசலப்பும், ஆள்காட்டியின் அலறலும் அவர் சொல்லித்தான் எங்கள் பட்டியலில் முதலில் ஏறின. ஆள்காட்டி வெறும் தரையில் கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிடும். முட்டையும் கல் போலவே இருக்கும். யாராவது நெருங்கினால் கத்திக்கொண்டே சுற்றிச் சுற்றிப் பறக்கும். அப்படிப் பறந்தால் நாம் செய்ய வேண்டியது தேடுவது அல்ல, விலகிப் போவது.

பெயரில் இருக்கும் பாடம்

தமிழாசிரியர்களுக்கு இதில் ஒரு விருந்து இருக்கிறது. காரணப்பெயருக்கு மரங்கொத்தி என்று ஓர் எடுத்துக்காட்டு சொல்லி நகர்ந்துவிடுகிறோம். வாலாட்டி, மீன்கொத்தி, பஞ்சுருட்டான், ஆள்காட்டி, தூக்கணாங்குருவி, நத்தைகுத்தி நாரை: ஒவ்வொரு பெயருக்குள்ளும் யாரோ ஒருவர் நின்று நிதானமாகப் பார்த்தது பதிவாகியிருக்கிறது. பாட்டி, தாத்தாவிடம் கேட்டு ஊர்ப்பெயர்களை எழுதி வரச் சொன்னபோது எங்கள் வகுப்பில் செம்போத்துக்கும் கரிச்சானுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் வந்தன. எது சரி என்று தீர்ப்புச் சொல்லாமல், ஊர்ப்பெயரையும் நூலில் உள்ள பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டோம்.

நத்தைகுத்தி நாரையைப் பற்றி ஒரு செய்தி. வேடந்தாங்கலுக்குப் பிள்ளைகளைப் பேருந்தில் அழைத்துப் போய் இந்த நாரையைத் தொலைவிலிருந்து காட்டுகிறோம். அங்கே அது கூடு வைக்கிறது, சரி. உணவுக்கு எங்கே போகிறது? சுற்றுவட்டார வயல்களுக்கும் ஏரிகளுக்கும்தான். எங்கள் சாலையோர நெல்வயலில் நத்தை தேடி அது நடப்பதைச் சைக்கிளை நிறுத்தாமலே பார்க்கலாம். அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். குஞ்சுகளுக்கு அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் உண்டாகும். சரணாலயத்தின் எல்லை வேலியோடு முடிந்துவிடுவதில்லை என்பதைப் பிள்ளைகளுக்குப் புரிய வைக்க இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

மா. கிருஷ்ணன் என்ற தமிழர் ஒருவர், ஆங்கில நாளிதழான ஸ்டேட்ஸ்மனில் 1950 முதல் 1996-இல் மறையும்வரை இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதினார். யானையைப் பற்றி எழுதிய அதே அக்கறையோடு காக்கையையும் அணிலையும் பற்றி எழுதியவர். தமிழில் அவர் எழுதிய கட்டுரைகள் சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்' நூலில் உள்ளன. பள்ளி நூலகத்தில் இருக்க வேண்டிய நூல்.

நோட்டுப் புத்தகமும் பனைமரங்களும்

எங்கள் வகுப்பில் ஒரே ஒரு நீள நோட்டு இருக்கிறது. நாள், நேரம், எங்கிருந்து எதுவரை, மழையா வெயிலா, எந்த உயிரினம், எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தது: இவ்வளவுதான் கட்டங்கள். முக்கியமான விதி ஒன்று: எதையும் பார்க்காத நாளிலும் எழுத வேண்டும். 'பனங்காடை – 0' என்பதும் தகவல்தான். இந்த விதியைப் பிள்ளைகளுக்குப் புரிய வைக்கத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. சுழியம் எழுதுவதைத் தோல்வியாக நினைத்தார்கள். மாதக் கடைசியில் கணக்கு ஆசிரியர் நோட்டை வாங்கிக்கொண்டு சராசரியும் பட்டை வரைபடமும் சொல்லிக்கொடுப்பார்.

இந்த நோட்டு சென்ற ஆண்டு வேறொரு வேலைக்கும் பயன்பட்டது. கரைச் சாலையை அகலப்படுத்த அளவெடுத்தார்கள். மறுநாள் காலை பனைமரங்களில் சிலவற்றின் மேல் சிவப்பு வண்ணக் குறி இருந்தது. பிள்ளைகள்தான் முதலில் பார்த்தார்கள். 31 மரங்களுக்கும் அவர்கள் ஏற்கெனவே எண் கொடுத்திருந்தார்கள். குறியிட்டவை 14.

அந்த மரங்களில் யார் குடியிருக்கிறார்கள் என்பது நோட்டில் இருந்தது. ஓலை நுனிகளில் தூக்கணாங்குருவிக் கூடுகள். ஆண் குருவி பாதிக் கூட்டைப் பின்னிவிட்டுக் காத்திருக்கும். பெண் குருவி வந்து பார்த்து ஏற்றுக்கொண்டால்தான் மீதியைப் பின்னி, நுழைவுக் குழாயை முடிக்கும். சாலையில் நின்றபடியே எது பாதி, எது முழுமை என்று பிள்ளைகளால் பிரிக்க முடியும். தொங்கும் காய்ந்த ஓலையின் அடிப்புறத்தில் பனை உழவாரன், இறகையும் பஞ்சையும் எச்சிலால் ஒட்டிக் கூடு கட்டும். தகைவிலானோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் பலர். கம்பியில் உட்கார்ந்தால் தகைவிலான். உழவாரன் கம்பியில் உட்காராது. பனை இல்லாவிட்டால் இந்த உழவாரனுக்கு ஊரில் வேறு வீடு கிடைப்பது அரிது. தலை போன ஒரு மொட்டைப் பனையின் பொந்தில் பனங்காடை இருந்தது.

பனை நம் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. இவற்றைச் சேர்த்து, மர எண், கூடுகளின் எண்ணிக்கை, நாள் என்று பிள்ளைகள் ஒரு பட்டியல் எழுதினார்கள். பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி அதை அக்டோபர் 2 கிராம சபையில் படித்தார். சாலையும் வேண்டும், மழைக்காலத்தில் அந்த வழியில் ஆம்புலன்ஸ் வரமுடியாமல் போன வீடுகள் உண்டு என்று ஒரு பெரியவர் சொன்னதும் நியாயமே. வயல் பக்கம் சற்று நகர்த்த முடியுமா என்று கேட்டு மனு போனது.

சில எச்சரிக்கைகள்

தொடங்கும் முன் தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் சொல்லிவிடுங்கள். சாலையில் போகும்போது எண்ணுபவர் வண்டி ஓட்டக் கூடாது. பின்னால் உட்கார்ந்தோ, நின்றோதான் எண்ண வேண்டும். தண்ணீர் ஓரம் தனியே போகக் கூடாது. மழை தொடங்கியதும் சாலையில் தேரைகளும் பாம்புகளும் அடிபட்டுக் கிடக்கும். எந்த இடத்தில் அதிகம் என்று குறிக்கலாம். செத்த பாம்பையும் தொடக் கூடாது, அதன் தலை சற்று நேரம் கடிக்கும் தன்மையோடு இருக்கும். பார்க்கும் பாம்பெல்லாம் நாகமல்ல. வயலில் எலி தின்று திரியும் சாரைக்கு நஞ்சு இல்லை. ஆனால் இனம் பிரிக்கும் பயிற்சியைப் படத்தில் வைத்துக்கொள்வோம், நேரில் வேண்டாம்.

கூட்டைத் தொடுவது, குஞ்சை எடுத்து வருவது இரண்டையும் முதல் நாளே தடுத்துவிட வேண்டும். யாராவது கிளிக்குஞ்சோடு வந்து நிற்பார்கள். பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதைத் திட்டாமல் சொல்லி, வனத்துறைக்குத் தெரிவிப்பதே முறை.

எண்ணிப் பழகிய பிள்ளைகளுக்குப் பொங்கல் விடுமுறையில் ஒரு வாய்ப்பு உண்டு. 2015 முதல் ஒவ்வோர் ஆண்டும் தமிழ்நாடெங்கும் பொங்கல் நாள் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடங்கள் ஓரிடத்தில் பார்த்தவற்றை இ-பேர்டு தளத்தில் பதிவேற்றினால் போதும். கைப்பேசி பெரியவர்களிடம் இருக்கட்டும். எண்ணுவது பிள்ளைகளாக இருக்கட்டும்.

மனுவுக்குப் பதில் இன்னும் வரவில்லை. சிவப்புக் குறி மழையில் கொஞ்சம் மங்கியிருக்கிறது. சென்ற வாரக் கணக்குப்படி 17-ஆம் எண் மரத்தில் நான்கு தூக்கணாங்குருவிக் கூடுகள்; மூன்றில் குழாய் முடிந்துவிட்டது, நான்காவது இன்னும் பாதியில் இருக்கிறது.