பால் சங்கத்தில் தராசும் கணிப்பொறியும்: நடுவில் உள்ள வயரையும் கவனியுங்கள்

இரண்டு கறவை மாடு வைத்துள்ள சிறு விவசாயிக்கு ஆண்டு முழுவதும் கைகொடுப்பது பால் பணம். அந்தப் பணத்தை முடிவு செய்பவை மூன்று எண்கள்: பாலின் அளவு, கொழுப்புச் சத்து, கொழுப்பு நீங்கலான இதரச் சத்து. முன்பு பாலை லிட்டர் அளவையால் அளந்தார்கள். லாக்டோமீட்டரை மிதக்கவிட்டுப் பார்த்தார்கள். கெர்பர் முறையில் கந்தக அமிலம் சேர்த்துச் சுழற்றிக் கொழுப்பைக் கண்டு நோட்டில் எழுதினார்கள். இன்று பல சங்கங்களில் மின்னணுத் தராசு எடையைக் காட்டுகிறது. பால் பரிசோதனைக் கருவி சத்துகளைக் காட்டுகிறது. கணிப்பொறி விலையைக் கணக்கிட்டுச் சீட்டை அச்சிட்டுத் தருகிறது. குஜராத் மாநிலம் ஆனந்த் பகுதிச் சங்கங்களில் 1990களில் பரவிய இம்முறை, இப்போது தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றிலும் நடைமுறையில் உள்ளது.

தராசின் எண்ணைப் பால் ஊற்றுவோர் உற்றுப் பார்க்கிறார்கள். ஆனால் பணம் பட்டுவாடா ஆவது தராசு காட்டும் எண்ணுக்கு அல்ல. கணிப்பொறியில் பதிவாகும் எண்ணுக்கே. ஆகவே இந்த இரண்டையும் இணைக்கும் வயரும் தராசின் ஓர் உறுப்பு என்றே கொள்ள வேண்டும். அதில் என்ன நடக்கிறது என்பதை ஒவ்வொரு பால் உற்பத்தியாளரும் ஓரளவு அறிந்திருப்பது நலம்.

எண் எப்படிப் போய்ச் சேருகிறது?

வரப்பின் மேல் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். அதுபோலத் தராசு காட்டும் எண், மின் துடிப்புகளாகப் பிரிந்து ஒன்றன் பின் ஒன்றாக வயரில் செல்கிறது. இதற்குத் தொடர் இணைப்பு என்று பெயர். 'ஆர்.எஸ். 232' என்னும் பழைய முறையே தராசுகளில் பெரும்பாலும் உள்ளது. இதில் முக்கியமான கம்பிகள் மூன்று: அனுப்புவதற்கு ஒன்று, பெறுவதற்கு ஒன்று, இரண்டுக்கும் பொதுவாக ஒன்று. தராசின் அனுப்பும் கம்பி கணிப்பொறியின் பெறும் முனையில் சேர வேண்டும். மாற்றிச் சேர்த்தால் எண் வராது.

இரு பக்கமும் ஒரே வேகத்தில் அமைந்திருப்பதும் அவசியம். வினாடிக்கு 9,600 துடிப்புகள் என்பது பரவலாகப் பயன்படும் வேகம். ஓர் எழுத்துக்கு 10 துடிப்புகள் வீதம், வினாடிக்கு 960 எழுத்துகள் செல்லும். ஒரு பக்கம் 9,600 என்றும் மறு பக்கம் 4,800 என்றும் வைத்துவிட்டால், கணிப்பொறியில் எண்ணுக்குப் பதிலாகப் புரியாத கிறுக்கல்கள் தோன்றும்.

இவ்வகைக் கோளாறுகள் கண்ணுக்குத் தெரிந்துவிடும், உடனே சரிசெய்யலாம். பார்வைக்குச் சரியாகத் தோன்றும் தவறான எண்தான் ஆபத்தானது. அது மூன்று வழிகளில் நேரலாம.

1. இருமுறை வகுத்தல்

ஒரு லிட்டர் பால் ஏறத்தாழ 1.03 கிலோ எடை இருக்கும். எனவே கிலோவை 1.03 ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். சில தராசுகள் இந்தக் கணக்கைத் தாமே செய்து லிட்டரில் காட்டும். கணிப்பொறியில் உள்ள மென்பொருள் அதைக் கிலோ என்று எண்ணி மறுபடியும் வகுத்தால், 5 லிட்டர் பால் 4.85 லிட்டராகக் குறைந்துவிடும். லிட்டர் 35 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வேளைக்கு 5 ரூபாய் 25 காசு நஷ்டம். இரு வேளைக்கும் சேர்த்து, மாதம் 30 நாளுக்கு 315 ரூபாய் போய்விடும். இதில் எவரும் திருடவில்லை. அமைப்பில் நேர்ந்த தவறு மட்டுமே. ஆயினும் இழப்பு பால் ஊற்றியவருக்கு.

2. முந்தையவரின் எண்

தராசு ஓயாமல் எண்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். கணிப்பொறி அவற்றை வரிசையாகச் சேர்த்து வைத்துப் படிக்கும். முன்னவர் பாலை எடுத்ததும் தராசு பூஜ்யத்திற்குத் திரும்பாமலோ, சேர்த்து வைத்த பழைய எண்கள் நீங்காமலோ இருந்தால், அடுத்தவர் பெயரில் முன்னவரின் அளவு பதிவாகக்கூடும். காலை நெரிசலில், 7 லிட்டர் ஊற்றியவருக்கு 3 லிட்டர் என்று சீட்டு வந்தாலும் உடனே தெரியாது.

3. கையால் தட்டுதல்

இணைப்பு அறுந்தால், வேலை நிற்கக் கூடாதென்று எண்களைக் கையால் தட்டுவது வழக்கம். அவசரத்தில் கொழுப்பு 4.2 என்பது 2.4 ஆக மாறிவிடலாம். தானாகப் பதிந்ததா, கையால் தட்டியதா என்று காட்டும் குறியைச் சில மென்பொருள்கள் சீட்டிலேயே அச்சிடுகின்றன. அந்தக் குறி எதுவென்று சங்கத்தில் கேட்டு அறிந்துகொள்ள வேண்டும்.

வயர் இல்லாத இணைப்பு

புளூடூத் வழியாகத் தராசைக் கைபேசியுடன் இணைக்கும் முறையும் வந்துள்ளது. இவ்வகைக் கருவிகளில் பல சுமார் 10 மீட்டர் தூரம் வரை வேலை செய்யும். இடையில் சுவரோ, அடுக்கி வைத்த உலோகப் பால் கேன்களோ இருந்தால் தூரம் குறையும். இதில் செய்தியைச் சரிபார்க்கும் ஏற்பாடு இருப்பதால், எண் சிதைந்து வருவது அரிது. தொடர்பு அறுவதே அதிகம். அறுந்த பின் கையால் தட்டும் போதுதான் தவறு நுழைகிறது. ஒரே இடத்தில் இரண்டு தராசுகள் இருந்தால், எந்தத் தராசு எந்தக் கைபேசியுடன் இணைந்துள்ளது என்பதைத் தராசின் மேலேயே எழுதி ஒட்டிவிட வேண்டும்.

பால் ஊற்றுவோர் செய்ய வேண்டியவை

பாத்திரத்தை வைக்குமுன் தராசு பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பாத்திரத்தின் எடையைக் கழிப்பதானால் அது கழிக்கப்பட்டதா என்றும் கவனிக்க வேண்டும். தராசு காட்டும் அளவு, பரிசோதனைக் கருவி காட்டும் சத்துகள், சீட்டில் உள்ள எண்கள் ஆகியவற்றை அங்கேயே ஒப்பிட வேண்டும். வீட்டுக்குப் போன பின் பார்த்தால் பயனில்லை. சீட்டுகளைப் பட்டுவாடா நாள் வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

மாதம் ஒரு முறை, பால் வரவு முடிந்த பின், முத்திரையிட்ட 5 கிலோ எடைக்கல்லைத் தராசில் வைத்து, உறுப்பினர்கள் முன்னிலையில் சோதனைச் சீட்டு ஒன்று எடுப்பது சிறந்த முறை. லிட்டர் கணக்கானால் சீட்டில் ஏறத்தாழ 4.85 விழ வேண்டும். 4.71 விழுந்தால் இருமுறை வகுபடுகிறது என்று பொருள். 5.00 விழுந்தால் வகுக்கவே இல்லை; அப்போது நஷ்டம் சங்கத்திற்கு. அதுவும் உறுப்பினர்களின் பணமே. பரிசோதனைக் கருவியைச் சோதிக்க, நன்கு கலக்கிய ஒரே பாலை இரண்டாகப் பிரித்து அடுத்தடுத்துப் பார்த்தால் போதும். இரு எண்களும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். பாலில் நுரை இருந்தால் எண் பிசகும்.

சங்கச் செயலாளர்கள் கவனிக்க

தொடர் இணைப்பு வயர் 15 மீட்டருக்கு மேல் நீளாமல் இருப்பது நல்லது. மோட்டார், குளிரூட்டும் இயந்திரம் ஆகியவற்றின் மின் வயர்களோடு சேர்த்துக் கட்டக் கூடாது. தராசுக்கும் கணிப்பொறிக்கும் முறையான எர்த் வேண்டும். இடி மின்னலின் போது இணைப்புகளைக் கழற்றிவிடலாம். மாற்றுக் கருவி மூலம் யு.எஸ்.பி. துளையில் செருகும் வயரை எப்போதும் ஒரே துளையில் செருக வேண்டும். துளை மாறினால் மென்பொருள் பழைய இடத்திலேயே தேடிக்கொண்டு, கருவி இல்லை என்று சொல்லக்கூடும். துளைக்கும் வயருக்கும் ஒரே நிறத்தில் பெயின்ட் பொட்டு வைத்தால் குழப்பம் வராது. கையால் தட்டிய பதிவுகளைத் தனி நோட்டில் எழுதி, ஊற்றியவரிடம் கையொப்பம் பெறுவது பின்னால் வரும் வீண் பேச்சைத் தவிர்க்கும்.

தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போடுகிறார்கள். வயருக்கும் மென்பொருளுக்கும் அத்தகைய முத்திரை இல்லை. மாதம் ஒரு முறை எடைக்கல்லை வைத்து உறுப்பினர்கள் எடுக்கும் சோதனைச் சீட்டே அவற்றுக்கு முத்திரை. அடுத்த பட்டுவாடாவுக்கு முன்பே ஒரு முறை எடுத்துப் பார்த்துவிடுவது நன்று.