உங்களுக்குத் தெரியுமா? பிக்-அப் வண்டியின் ‘டக் டக்’ சத்தம்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் வெட்டியெடுக்கும் ரப்பர் பாலுக்கும், அங்கே ஓடும் பிக்-அப் வண்டியின் அடிப்பாகத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. கமான்பட்டையின் கண்ணிலும் முன்பக்கக் கன்ட்ரோல் ஆர்மிலும் உள்ள புஷ்கள் பெரும்பாலும் இயற்கை ரப்பரில் செய்தவை. திரும்பத் திரும்ப முறுக்கினாலும் அது சீக்கிரம் கிழியாது.

● புஷ் கெட்டதற்கான அறிகுறி: வேகத்தடையில் ‘டக்’ சத்தம், பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுப்பு, டயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்வது.

● சோதனை: சக்கரத்துக்குக் கட்டை வைத்து, லிவரால் புஷ்ஷை மெல்ல நெம்புங்கள். ரப்பரில் வெடிப்பு இருந்தாலோ, நடுக்குழாய் ஒரு பக்கம் சரிந்திருந்தாலோ மாற்றியே ஆக வேண்டும்.

● மாற்றும்போது: ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம். இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். கிரீஸும் எண்ணெயும் இயற்கை ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். புஷ்ஷை வழுக்கி உள்ளே நுழைக்கச் சோப்புத் தண்ணீர் போதும்.

● முக்கியம்: வண்டி தரையில் தன் எடையில் நின்ற பிறகே போல்ட்டைக் கடைசியாக முறுக்குங்கள். தொங்கும் நிலையில் முறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். புதுப் புஷ்ஷும் விரைவில் கிழியும். முன்பக்க வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள்.