தொடாமலே மூச்சை அளக்கும் ரேடியோ அலை

படுக்கையறைச் சுவரில் ஒரு சிறிய பெட்டி. அதில் கேமரா இல்லை. தூங்குபவரின் உடலில் கம்பியோ பட்டையோ இல்லை. ஆனாலும், அவரது ஒவ்வொரு மூச்சையும் அது இரவு முழுவதும் பதிவுசெய்கிறது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் (எம்ஐடி) பேராசிரியர் டீனா கட்டாபி தலைமையிலான குழு இக்கருவியை உருவாக்கியுள்ளது. சிரியாவின் டமாஸ்கஸ் நகரில் பிறந்த அவர், முதலில் மருத்துவம் பயின்று, பின்னர் பொறியியலுக்கு மாறியவர். கம்பியில்லாக் கட்டமைப்பு ஆய்வில் பெயர்பெற்ற அவர், அந்தத் தொழில்நுட்பத்தையே மருத்துவத்துக்குப் பயன்படுத்தி வருகிறார்.

கருவி அனுப்பும் ரேடியோ அலைகள் மனித உடலில் பட்டுத் திரும்புகின்றன. மூச்சை இழுக்கும்போது மார்பு சற்று விரிவதால், அலை சென்று திரும்பும் தூரம் மிக நுண்ணிய அளவில் மாறுகிறது. அந்த மாற்றத்திலிருந்து மூச்சின் வேகத்தையும் ஆழத்தையும் கணிக்கலாம். அறையின் மற்ற அசைவுகளிலிருந்து மூச்சைப் பிரித்தறிய செயற்கை நுண்ணறிவு உதவுகிறது.

பார்க்கின்சன் நோய்க்கும் மூச்சுக்கும் உள்ள தொடர்பை, அந்நோய்க்குப் பெயர் தந்த மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817ஆம் ஆண்டிலேயே குறிப்பிட்டிருந்தார். கைநடுக்கம் போன்ற அறிகுறிகள் தெரியவரும் முன்பே மூளை உயிரணுக்கள் கணிசமாக அழிந்துவிடுகின்றன. நோயை முழுமையாகக் குணப்படுத்தும் மருந்தும் இதுவரை இல்லை. அதனால், முன்கூட்டியே கண்டறிவது முக்கியம்.

7,671 பேரின் தரவுகளைக் கொண்டு கட்டாபி குழு மேற்கொண்ட ஆய்வு 2022ல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வெளியானது. உறக்கத்தில் விடும் மூச்சைக் கொண்டே பார்க்கின்சன் நோயை அடையாளம் காணவும் அதன் தீவிரத்தை மதிப்பிடவும் முடியும் என்று அது காட்டியது. சிலரது மூச்சு மார்புப் பட்டையாலும் வேறு சிலரது மூச்சு ரேடியோ அலையாலும் பதிவுசெய்யப்பட்டது.

இதன் பலன் கண்டறிவதோடு முடிவதில்லை. நோயாளி மருத்துவரைச் சில மாதங்களுக்கு ஒருமுறைதான் சந்திக்கிறார். இடைப்பட்ட நாள்களில் நோய் முற்றுகிறதா, மருந்து வேலைசெய்கிறதா என்பதை வீட்டிலிருந்தே அறிய இது வழிவகுக்கலாம். தனியே வாழும் முதியோருக்கும் அலைச்சல் குறையும்.

எனினும், சுவரையும் ஊடுருவக்கூடிய அலைகள் என்பதால், வீட்டில் உள்ளவர்களின் சம்மதமும் தரவுப் பாதுகாப்பும் அவசியம். மருத்துவரின் பரிசோதனைக்கு இது மாற்றாகாது. கைநடுக்கம், நடையில் தளர்வு, கையெழுத்து சிறுத்துப்போதல் போன்ற மாற்றங்களைக் குடும்பத்தில் யாரிடமாவது கண்டால், மருத்துவரை நாடத் தாமதிக்கக்கூடாது.