பொங்கிய மனம் அடங்கும் வரை

பௌர்ணமி தினத்தன்று பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டி செல்லும் பெருவழியில் கொடகவெலையைக் கடந்து போவோர், வெண்ணிற ஆடை அணிந்த சிங்கள மக்கள் விகாரைகளில் சில் அனுட்டித்து அமர்ந்திருப்பதைக் காண்பர். முதிய தாய்மாரும் பள்ளிச் சிறுவரும் அருகருகே கண்மூடி, வாய் திறவாது இருப்பர். தேயிலைத் தோட்டங்களிலிருந்தும் இறப்பர்த் தோட்டங்களிலிருந்தும் கடைத்தெருவுக்கு வரும் நம்மவர், 'அது அவர்கள் வழக்கம்' என்று கடந்து செல்வதே இயல்பு. ஆயினும் பேசாதிருத்தல் நமக்குப் புதியதா? தாயுமானவரின் ஆசிரியருக்கு மௌனகுரு என்பதே பெயர் அன்றோ!

ஞானிகளின் மௌனத்தைப் பற்றி ஈண்டு நாம் எழுத முற்படவில்லை. கோபமும் துக்கமும் அச்சமும் தலைக்கேறும் வேளையில் ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு அம்மௌனம் எவ்வாறு உதவும் என்பதே நமது கேள்வி. இக்கேள்வி அற்பமானதன்று. 1995ஆம் ஆண்டில் இலங்கையில் ஒரு லட்சம் மக்களுக்கு ஏறக்குறைய 47 பேர் தம் உயிரைத் தாமே போக்கிக் கொண்டனர். அக்காலத்தில் உலகிலேயே மிகக் கூடிய அளவுகளில் அதுவும் ஒன்று. அவர்களிற் பலர் நெடுநாள் எண்ணித் துணிந்தவர் அல்லர். ஒரு சச்சரவு, ஓர் அவமானம், ஒரு கடுஞ்சொல், அதன்பின் சில நிமிடங்கள், அவ்வளவே. 1995 முதல் அரசாங்கம் மிகக் கொடிய பூச்சிநாசினிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தது. பத்தாண்டுகளில் அந்த எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகியது. மக்களின் துயரம் பாதியாகிவிடவில்லை. அந்தப் பொல்லாத நிமிடங்களைக் கடந்து உயிர் பிழைத்தவர் பெருகினர். பொங்கிய மனம் அடங்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அடங்கும் வரை பொறுத்திருப்பதுதான் கடினம். 1896ஆம் ஆண்டு ஜூலை மாதம் மதுரையில், சிறிய தந்தையாரின் வீட்டு மாடியில் இருந்த வேங்கடராமன் என்னும் 16 வயது மாணவனை, நோய் ஏதுமின்றியே மரண பயம் திடீரெனப் பற்றியது. அவன் எவரையும் கூவி அழைக்கவில்லை. பிணம்போல் நீட்டிப் படுத்து, 'சாவது எது?' என்று அந்த அச்சத்தையே உற்று நோக்கினான். அதன்பின் மரண பயம் தம்மை அணுகவில்லை என்று பிற்காலத்தில் ரமண மகரிஷியாக விளங்கிய அவர் கூறியுள்ளார். நாமெல்லாம் ரமணர் அல்லோம், மெய்தான். எனவே ஒரு வியாபாரியின் கதைக்கு வருவோம்.

சத்ய நாராயண கோயங்கா 1924இல் பர்மாவின் மாண்டலே நகரில், இந்து வணிகர் குடும்பத்திற் பிறந்தவர். செல்வம் பெருகியது, கூடவே கோபமும் பெருகியது, பொறுக்கவொண்ணாத் தலைவலியும் வந்து சேர்ந்தது. மோர்பின் ஊசி ஏற்றினாலன்றி அவ்வலி தணியாது. பல நாட்டு வைத்தியர்களிடம் சென்றும் பயனில்லை. நண்பர் ஒருவர், இரங்கூனில் தியானம் கற்பித்து வந்த ஊ பா கின் என்பவரிடம் அவரை அனுப்பினார். ஊ பா கின் துறவியல்லர். நாட்டின் கணக்குத் துறைத் தலைவராக உத்தியோகம் பார்த்த குடும்பஸ்தர். 'தலைவலி தீர வேண்டுமென்று வருவதாயின் வரவேண்டாம்; மனத்தைத் தூய்மை செய்வதாயின் வருக' என்னும் கருத்துப்பட அவர் கூறிவிட்டாராம். தாம் இந்துவாயிற்றே, மதம் மாற்றிவிடுவார்களோ என்று கோயங்காவும் சில மாதங்கள் தயங்கினார். 1955இல் துணிந்து பத்து நாட்கள் அமர்ந்தார். தலைவலி நீங்கியது, அதனினும் மேலாக, வீட்டாரை நடுங்கவைத்த கோபம் தணியத் தொடங்கியது. 1969இல் இந்தியா வந்து தாமே கற்பிக்கலானார். 1994இல் டில்லித் திகார் சிறைச்சாலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் ஒருங்கே அமர்ந்து இப்பயிற்சியைச் செய்தனர். கோயங்கா 2013இல் காலமானார். நம் நாட்டிலும் கண்டிக்கருகே ஹிந்தகலை மலைமேல் 'தம்மகூட' என்னும் நிலையத்தில் இப்பயிற்சி நடைபெறுகின்றது. கட்டணம் இல்லை, முன்னர்ப் பயின்றோர் அளிக்கும் நன்கொடையே செலவுக்கு ஆதாரம்.

அங்கே செய்வது என்ன? அதிகாலை நான்கு மணிக்கு எழுகின்றனர். ஒன்பது நாட்களுக்கு ஒருவரோடொருவர் பேச்சில்லை, சைகையும் இல்லை. முதல் மூன்று நாட்கள் நாசியில் மூச்சு வருவதையும் போவதையும் மட்டுமே கவனிக்கின்றனர். அதன்பின் உடலில் எழும் வெப்பம், வலி, துடிப்பு ஆகியவற்றைக் கவனிக்கின்றனர். இதிலேதான் சூட்சுமம் உள்ளது. கோபம் வெறும் எண்ணமன்று. நெஞ்சு படபடக்கிறது, காது சூடேறுகிறது, தாடை இறுகுகிறது. கோபமூட்டியவனையே நினைத்துக் கொண்டிருந்தால் அது வளரும். படபடக்கும் நெஞ்சைக் கவனித்தால், விறகு தள்ளாத அடுப்புப் போல அது தானே தாழும். 2007இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் சிலர், சினமும் அச்சமும் காட்டும் முகப் படங்களைக் காண்போரின் மூளையைச் சோதித்தனர். கண்ட உணர்ச்சிக்கு 'இது கோபம்', 'இது பயம்' என்று பெயர் சூட்டியபோது, மூளையில் அபாயத்தை உணர்த்தும் அமிக்டலா என்னும் பகுதியின் கொதிப்புக் குறைந்ததாம். நாமும் மனத்துள் 'கோபம் வந்திருக்கிறது' என்று, வாசலில் வந்த ஆளை இனங்காண்பது போலச் சொல்லிப் பார்க்கலாம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகக் கூறிவிட வேண்டும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மூன்று நாள் மனைவியோடு பேசாதிருப்பது மௌனமன்று. அது ஊமைக் கோபம். அவ்வாறே, அடிபட்டு நிற்கும் பெண்ணைப் பார்த்தோ, கூலி குறைக்கப்பட்ட தொழிலாளியைப் பார்த்தோ, 'பேசாமல் இரு, மனம் அமைதியாகும்' என்று உபதேசிப்பது தியானத்தின் பெயரால் செய்யும் அநீதி. வாய் திறக்க வேண்டிய இடத்தில் திறக்கத்தான் வேண்டும். கொதிப்புத் தணிந்தபின் பேசினால் சொல் நேராக வரும். அதற்கு மட்டுமே இந்தப் பயிற்சி.

'பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் மௌனத்துக்கு இடமேது?' என்று லயத்தில் வாழும் நம் சகோதரிகள் கேட்பர். நியாயமான கேள்வியே. ஒரு வீட்டுச் சண்டை அடுத்த வீட்டுச் சுவரையும் தாண்டிக் கேட்கும் இடமல்லவா லயம்! ஆனால் ஓசையற்ற இடம் வேண்டியதில்லை. நம் வாய் ஓய்ந்திருந்தாலே போதும். பிரட்டுக்குப் போகுமுன் பாயின்மேல் முதுகை நிமிர்த்திப் பத்து நிமிடம் அமரலாம். பக்கத்து வீட்டு வானொலி கேட்டால் கேட்கட்டும். மனம் ஓடும், ஓடியதை அறிந்தவுடன் மூச்சுக்குத் திரும்புவதே பயிற்சி, ஓடாதிருப்பதன்று. இறப்பர்ப் பால் வெட்டுவோருக்கோ இயற்கையே ஒரு வாய்ப்பை அளித்திருக்கிறது. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையுமாதலால், பலபலவென விடியும் வேளையிலேயே அவர்கள் மரத்துக்கு மரம் தனியே நடக்கின்றனர். நேற்றைய சண்டையை மறுபடியும் மனத்தில் நடத்துவதற்குப் பதிலாக, காலடியையும் மூச்சையும் கவனித்து நடக்கலாம். கண்ணை மூடச் சொல்லவில்லை. அட்டையும் பாம்பும் உள்ள மலை அது!

பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் புத்தகம் திறக்குமுன் ஐந்து நிமிடம் இவ்வாறு இருந்து பார்க்கலாம். முதல் வாரத்தில் அலுப்பே தோன்றும். கோபம் வந்தபின் கற்றுக்கொள்ள இயலாது. வெள்ளம் வந்தபின் நீந்தப் பழகுவார் உண்டா?

சிலருக்கு இது போதாது. நாட்கணக்கில் உறக்கமும் உணவும் இன்றி, வாழ்வே வேண்டாமென்று எண்ணுவோரைத் தனியே கண்மூடி அமரச் செய்தால் துயரம் இன்னும் கனக்கக்கூடும். அவர்களருகே ஒருவர் இருக்க வேண்டும். தாமதியாது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் இலக்கத்துக்கு இரவோ பகலோ எந்நேரமும் தொலைபேசியில் அழைக்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை. அவ்விலக்கத்தைக் காம்பராவின் உட்கதவில் பிள்ளைகளைக் கொண்டு எழுதி ஒட்டி வைக்கலாம்.