திருகுத் துளைப்பானும் சிறு பட்டறையின் சிக்கனமும்

உலோக உறுப்புகளை ஒன்றோடொன்று இணைப்பதற்குப் பெரும்பாலும் துளை தேவைப்படுகிறது. இத்துளைகளை இடுவது, பட்டறைகளில் ‘டிரில்’ என வழங்கப்பெறும் திருகுத் துளைப்பானாகும். லூதியானாவில் மிதிவண்டி உறுப்புகள் செய்யும் பட்டறைகளிலும், ராஜ்கோட்டில் டீசல் எஞ்சின் உறுப்புகள் செய்யும் பட்டறைகளிலும் இஃது அன்றாடக் கருவி. இதன் விலை குறைவு. தவறாகக் கையாண்டால் விளையும் நட்டமோ பெரிது.

அமைப்பு

பழைய தட்டைத் துளைப்பான்களில், வெட்டப்பட்ட உலோகச் சீவல் துளையிலேயே அடைத்துக்கொண்டது. 1863-ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த ஸ்டீபன் மோர்ஸ் காப்புரிமை பெற்ற திருகுத் துளைப்பான் இக்குறையைப் போக்கிற்று. அதன் இரு சுருள் பள்ளங்கள் சீவலை மேலேற்றி வெளியேற்றுகின்றன. குளிர்விக்கும் நீர்மம் முனையைச் சென்றடைய வழிவிடுகின்றன. வெட்டு விளிம்புக்குத் தேவையான சாய்வையும் அளிக்கின்றன. முனைக் கோணம் பொதுவாக 118 பாகை. கடின உலோகங்களுக்கு 135 பாகை.

வேகம்

அதிவேக எஃகுத் துளைப்பான் மென் எஃகை நிமிடத்திற்கு 25 மீட்டர் வேகத்தில் வெட்டுவதாகக் கொள்வோம். அப்போது 10 மி.மீ. துளைப்பான் நிமிடத்திற்கு ஏறத்தாழ 800 முறை சுழல வேண்டும், 20 மி.மீ. துளைப்பானுக்கு 400 சுற்றுகளே போதும். பெல்ட்டை மாற்றாமல் எல்லா அளவுகளையும் ஒரே வேகத்தில் ஓட்டினால், பெரிய துளைப்பானின் ஓரங்கள் சூடேறி விரைவில் மழுங்கும்.

தீட்டுதல்

மழுங்கிய துளைப்பானைச் சாணையில் பலமுறை தீட்டிப் பயன்படுத்தலாம். சிக்கனம் இதில்தான் அடங்கியுள்ளது; இடரும் இதில்தான் உள்ளது. இரு வெட்டு விளிம்புகளும் நீளத்திலும் கோணத்திலும் சமமாக இருத்தல் வேண்டும். ஒன்று நீண்டுவிட்டால் துளை, துளைப்பானின் அளவைவிடப் பெரிதாகிவிடும். வார்ப்பு, கடைசல் ஆகிய வேலைகள் முடிந்து வந்த உறுப்பு இவ்வாறு கழிக்கப்படும்போது, அதுவரை செலவான பொருளும் உழைப்பும் வீணாகின்றன. கழிந்த உறுப்புக்குக் கூலி கிடைக்காத இடங்களில் இழப்பின் ஒரு பங்கு தொழிலாளியையும் சாரும்.

மேலும், துளைப்பானின் நடுத்தண்டு மேற்புறம் செல்லச் செல்லத் தடிக்கிறது. ஆதலின் தீட்டித் தீட்டிக் குறுகிய துளைப்பானை அழுத்துவதற்கு அதிக விசை தேவை. முனையின் நடுப்பகுதியை மெலிவித்தால் இக்குறை நீங்கும்.

1950-இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டமும், 1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டமும் இத்தகைய திறன்களை முறையாகக் கற்பிக்க வழிவகுத்தன. எனினும், பிறர் செய்வதைப் பார்த்தே தொழில் பழகியவருக்குக் கோணமும் கணக்கும் எளிதில் கைவருவதில்லை. ஒவ்வொரு சாணையின் அருகிலும் ஒரு கோண அளவியும், வேகங்களைக் காட்டும் அட்டவணையும் இருக்குமாயின் கழிவு குறையும். இதற்குப் பெரும் முதலீடு தேவையில்லை. பயிற்சியும் கவனமுமே தேவை.