கரையில் கிடக்கும் கண்ணாடிக் கிண்ணம்... கை வைக்கலாமா? திருச்செந்தூர் கிளம்பும் முன் தெரிந்துகொள்ளுங்கள்!

சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்ததும் வேன் பேசி, ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பி, விடியும்போது திருச்செந்தூர் கடலில் முங்கி எழுவது தாராபுரம் பக்கத்து பனியன் கம்பெனிக் குடும்பங்களுக்குப் பழகிய பயணம். ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை தாண்டி அவ்வளவு தூரம் போவது முருகனுக்காக மட்டுமல்ல, கடலுக்காகவும்தான். அமராவதியில் குளித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அலை ஒரு அதிசயம். சில நாள்களில் அந்த ஈர மணலில் கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்ததுபோல ஏதோ கிடக்கும். பிள்ளைகளின் கை முதலில் போவது அங்கேதான்.

அதுதான் ஜெல்லி மீன். தமிழில் இழுதுமீன் என்றும் சொல்வோம். மீனவர்கள் 'சொறி' என்கிறார்கள். பட்டால் என்ன ஆகும் என்பதைப் பெயரிலேயே வைத்துவிட்டார்கள்! திருச்செந்தூரில் இவை ஒதுங்குவதும், குளித்த பக்தர்கள் அரிப்போடு கரையேறுவதும் அவ்வப்போது செய்தியாக வருவதுதான்.

ஏன் கரைக்கு வருகின்றன?

அவை வருவதில்லை, தள்ளப்படுகின்றன. பெயரில் மீன் இருந்தாலும் இது மீன் இல்லை. எலும்பு, மூளை, இதயம் எதுவும் கிடையாது. உடம்பில் சுமார் 95 சதவிகிதம் தண்ணீர். குடையை விரித்துச் சுருக்கிக் கொஞ்சம் நீந்தும், ஆனால் நீரோட்டத்தை எதிர்க்கத் தெம்பில்லை. காற்று கரையை நோக்கி வீசினால் கூட்டத்தோடு மணலுக்கு வந்துவிடும். சட்டை பட்டன்போல வட்டமாக, நீல ஓரத்தோடு கிடக்கும் 'புளூ பட்டன்' கடலின் மேல்பரப்பிலேயே மிதப்பது. காற்று அடிக்கும் திசைதான் அதற்கு வழி. 2018 ஆகஸ்டில் மும்பை ஜூஹூ கடற்கரையில் பலரைப் பதம்பார்த்த 'புளூ பாட்டில்' வகையும் அப்படித்தான். ஜெல்லி மீனின் உறவுக்காரரான அதன் கொட்டு கடுமையானது.

சரி, ஒரே நாளில் இத்தனை எப்படி? குஞ்சுப் பருவத்தில் இவற்றில் பல வகைகள் பாறையிலும் சிப்பியிலும் ஒட்டிக்கொண்டு செடிபோல வளரும். தண்ணீரின் சூடும் இரையும் தோதாக அமைந்தால், அடுக்கிவைத்த தட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்றதுபோல குட்டி ஜெல்லிகள் பிரிந்து கிளம்பும். இவற்றைத் தின்னும் கடல் ஆமைகளும் குறைந்தால் கேட்கவே வேண்டாம். அந்த ஆமைகளோ பாலித்தீன் பையை ஜெல்லி என்று நினைத்து விழுங்கிச் சாகின்றன.

மற்றபடி, 'ஜெல்லி ஒதுங்கினால் சுனாமி வரும்' என்று வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பினால் அழித்துவிடலாம். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை.

அணுமின் நிலையத்துக்கே தொல்லை!

கல்பாக்கம் அணுமின் நிலையம் குளிர்விப்பதற்குக் கடல்நீரை இழுக்கிறது. அதோடு வந்து வடிகட்டும் வலைகளில் அப்பும் ஜெல்லிகள் அங்கே பழைய தலைவலி. 2025 ஆகஸ்டில் பிரான்ஸின் கிராவ்லின் அணுமின் நிலையத்தில் இதே காரணத்தால் 4 உலைகள் தானாக நின்றுபோயின.

கொட்டிவிட்டால்?

செத்துக் காய்ந்து கிடந்தாலும் கொட்டும் என்பதுதான் பலர் ஏமாறும் இடம். விழுதுகளில் உள்ள நுண்ணிய விஷச் செல்கள், ஜெல்லி செத்த பிறகும் தொட்டால் வெடிக்கும். அதனால் கொட்டிய இடத்தைத் தேய்க்கக் கூடாது, மணல் போட்டுத் துடைக்கவும் கூடாது. பதற்றத்தில் வேனிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து ஊற்றுவோம். அதுவும் தப்பு, நல்ல தண்ணீர் பட்டால் மிச்சச் செல்களும் வெடிக்கும். கடல்நீரால் கழுவி, ஒட்டியிருக்கும் விழுதைக் கையால் தொடாமல் இடுக்கியாலோ ஏ.டி.எம். கார்டு ஓரத்தாலோ மெதுவாக எடுங்கள். பிறகு பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் அரை மணி நேரம் வைத்தால் வலி தணியும். சிறுநீர் ஊற்றுவது சினிமா வைத்தியம், வேண்டாம். மூச்சுத்திணறல், வாந்தி, முகவீக்கம் இருந்தாலோ, கண்ணில் பட்டிருந்தாலோ, கொட்டியது சின்னக் குழந்தையை என்றாலோ உடனே ஆஸ்பத்திரி. 108-ஐ அழையுங்கள்.

வேனை விட்டு இறங்கியதும் கரையில் நிற்கும் மீனவரிடம், "ஏனுங்ண்ணா, இன்னைக்குச் சொறி கிடக்குதுங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.