பூட்டை உடைத்தவனும் சாவி வைத்திருந்தவரும்

திண்டுக்கல் என்றவுடன் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது பூட்டு. 2019-ஆம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. திருடனை வெளியே நிறுத்துவது பூட்டின் வேலை. ஆனால் நம்பிக் கொடுத்த சாவியைக் கொண்டே ஒருவர் திருடினால் பூட்டு என்ன செய்யும்? படித்தவரும் பதவியில் இருப்பவரும் செய்யும் இத்தகைய குற்றத்துக்கு 1939-இல் அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் எட்வின் சதர்லாந்து 'வெள்ளைக் காலர் குற்றம்' என்று பெயரிட்டார்.

இதில் ஒரு வகையை நம் ஊர் வெங்காய மண்டியை வைத்தே விளக்கலாம். நாளை பெரிய கொள்முதல் வரப்போகிறது; விலை ஏறும். இது மண்டிக் கணக்கருக்கு மட்டுமே தெரியும். அவர் இரகசியமாகத் தம் நண்பரிடம் சொல்ல, நண்பர் இன்றே குறைந்த விலைக்கு மூட்டைகளை வாங்கிக் குவிக்கிறார். விற்றுவிட்டுப் போன விவசாயிக்குத் தாம் ஏமாந்ததே தெரியாது. பூட்டு உடையவில்லை, திருட்டு மட்டும் நடந்துவிட்டது!

இதே செயல் நியூயார்க் பங்குச் சந்தையிலும் நடந்தது. கொழும்பில் பிறந்த தமிழரான ராஜ் ராஜரத்தினம் 'கேலியன்' முதலீட்டு நிறுவனத்தின் அதிபர். கொல்கத்தாவில் பிறந்த ரஜத் குப்தா, 'கோல்டுமேன் சாக்ஸ்' வங்கியின் இயக்குநர்களில் ஒருவர். அவ்வங்கியில் வாரன் பஃபெட் 500 கோடி டாலர் முதலீடு செய்யும் செய்தியை 2008 செப்டம்பர் 23 அன்று இயக்குநர் கூட்டத்தில் அறிந்த குப்தா, உடனே ராஜரத்தினத்தைத் தொலைபேசியில் அழைத்தார். சந்தை மூடச் சில நிமிடங்களே இருக்கையில் கேலியன் அப்பங்குகளை வாங்கியது.

ராஜரத்தினத்துக்கு 2011-இல் 11 ஆண்டு சிறையும் 1 கோடி டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. குப்தாவுக்கு 2012-இல் 2 ஆண்டு சிறையும் 50 லட்சம் டாலர் அபராதமும் கிடைத்தன. பணம் பெற்றுக்கொண்டு தகவல் தந்த அனில் குமார், குற்றத்தை ஒப்புக்கொண்டு சாட்சி சொன்னதால் சிறைக்கே செல்லவில்லை.

ஏன் இந்த வேறுபாடு? ராஜரத்தினம் பல ஆண்டுகள் பலரிடம் தகவல் வாங்கிக் கோடிகள் சேர்த்தவர். குப்தா தாமே பங்கு வாங்கி விற்கவில்லை, அறப்பணிகளும் செய்திருந்தார். பில் கேட்ஸ், கோஃபி அன்னான் உட்பட நூற்றுக்கணக்கானோர் அவருக்காக நீதிபதிக்குக் கடிதம் எழுதினர்.

இக்காரணங்களில் நியாயம் உண்டு. ஆனால் ஓர் அரிசி மூட்டையைத் திருடியவனுக்கு, 'இவன் நல்லவன்' என்று கடிதம் எழுத யார் இருக்கிறார்? அவனும் பசித்த அண்டை வீட்டுக் குழந்தைக்கு ஒரு நாள் சோறு போட்டிருக்கலாம். அதை எந்த நீதிமன்றம் அறியும்?

நம் நாட்டுச் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின்படி, சாதாரணத் திருட்டுக்கு 3 ஆண்டு வரையே சிறை. நம்பி ஒப்படைத்த சொத்தை வங்கியாளரோ தரகரோ மோசடி செய்தால் ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம். ஏட்டில் சாவி வைத்திருந்தவருக்கே தண்டனை அதிகம்! நடைமுறையோ வேறு. இல்லாத 5,040 கோடி ரூபாயைக் கணக்கில் காட்டியதாகச் சத்யம் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு 2009 ஜனவரியில் தாமே கடிதம் எழுதினார். ஏழாண்டுச் சிறை என்ற தீர்ப்பு 2015 ஏப்ரலில்தான் வந்தது. அடுத்த மாதமே தண்டனை நிறுத்தப்பட்டு அவருக்கு ஜாமீன் கிடைத்தது. மறுபுறம், 2022-இல் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் நால்வரில் மூவர் தீர்ப்பே பெறாத விசாரணைக் கைதிகள். ஜாமீன் கிடைத்தும் பிணை கொடுக்க வழியின்றிக் கிடக்கும் ஏழைகளும் அவர்களுள் உண்டு.

எளியவர் என்று சலுகையும் வேண்டாம், பெரியவர் என்று பணிவும் வேண்டாம் என்பது லேவியர் நூல் நீதிபதிகளுக்கு விதிக்கும் கட்டளை. வரி வசூலித்துச் செல்வரான சக்கேயுவோ, ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக இயேசுவிடம் கூறினார். அவருக்காகப் பரிந்துரைக் கடிதம் எவரும் எழுதவில்லை. இழந்தவர் கையில் பணம் திரும்பச் சேர்வதே அவர் காட்டிய சான்று. நாளை வங்கியிலும் அலுவலகத்திலும் நம்மிடமும் சாவிகள் ஒப்படைக்கப்படும். அந்நாளில் இதை நாம் மறவாதிருப்போமாக!